கண்ணுக்கு ஒரு நாற்றங்கால்
செல் வளர்ப்புக் கலையைக் கையால் கற்பது பற்றி ஒரு விளக்கம்



தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையில் ஒரு வீட்டுத் திண்ணையைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். பாட்டி வெற்றிலைப் பையைப் பிரித்து வைத்திருக்கிறார். பாக்கு, வெற்றிலை, சின்ன டப்பியில் சுண்ணாம்பு. பக்கத்தில் நான்கு வயதுப் பேத்தி. பாட்டி அந்தப் பக்கம் திரும்பிய ஒரு நிமிடத்தில் குழந்தை டப்பியை எடுத்து அழுத்துகிறாள். மூடி தெறிக்கிறது. சுண்ணாம்பு நேராகக் கண்ணில் போய் விழுகிறது.

இது குறிப்பிட்ட ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. ஆனால் வெற்றிலை போடும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். இந்தியாவில் குழந்தைகளின் கண்ணைப் பறிக்கும் விபத்துகளில் சுண்ணாம்பு விபத்தும் ஒன்று என்பதைக் கண் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அந்தக் குழந்தையின் கண்ணுக்கும், குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் கையுறை அணிந்து கண்ணாடித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் என்ன சம்பந்தம்? "செல் வளர்ப்பு", "திசுப் பொறியியல்" என்னும் சொற்களைச் செய்தித்தாள்களில் படிக்கும் நண்பர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி எழும். அதற்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணில் நடப்பது என்ன?

சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். அமிலம் பட்டால் மேல்பகுதியிலுள்ள புரதம் உறைந்து, அந்த உறைவே அமிலம் மேலும் உள்ளே செல்வதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படி நிற்பதில்லை. செல்களின் கொழுப்புப் படலத்தைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். கெட்டியான சுண்ணாம்புத் துணுக்கு இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் காரத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.

கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் கருவிழியின் மேல்தோல் மிகவும் மெல்லியது. அதன் செல்கள் நாள்தோறும் உதிர்கின்றன. ஒரு வாரம் பத்து நாளில் மேல்தோல் முழுவதுமே புதிதாகிவிடுகிறது. இந்தப் புதிய செல்கள் எங்கிருந்து வருகின்றன? கண்ணாடி முன் நின்று உங்கள் கண்ணை உற்றுப் பாருங்கள். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் இடத்தில் ஒரு வட்டக் கரை தெரியும். ஆங்கில மருத்துவத்தில் இதை லிம்பஸ் என்பார்கள். மேல்தோலுக்குத் தாயாக இருக்கும் மூலச்செல்கள் இந்தக் கரையில்தான் வாழ்கின்றன. வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, கருவிழிக்கு இந்தக் கரை அப்படி.

சுண்ணாம்பு இந்தக் கரையை எரித்துவிட்டால் நாற்றங்காலே அழிந்தது போலாகும். புதிய செல்கள் வருவது நின்றுவிடும். கரை உடைந்த வயலில் களை புகுவதுபோல, வெள்ளைவிழியின் தோல் இரத்தக் குழாய்களோடு கருவிழியின்மேல் படர்ந்துவிடும். கண் சிவந்து, கூசி, நீர் வடிந்து, பார்வை மங்கிப் போகும்.

"கண் வங்கியிலிருந்து கருவிழி வாங்கி மாற்றிவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண் தானத்தினால் எத்தனையோ பேர் பார்வை பெற்றிருக்கிறார்கள். ஆனால் இவ்வகைக் காயத்தில் அது மட்டும் பலிப்பதில்லை. மாற்றி வைத்த கருவிழிக்கும் நாள்தோறும் புதிய மேல்தோல் வேண்டுமே! அதைக் கொடுக்கும் கரை அழிந்திருப்பதால் புதுக் கருவிழியும் சில காலத்தில் மங்கிவிடும். முதலில் நாற்றங்கால்; பிறகுதான் நடவு.

ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு

ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால் மறு கண்ணின் நல்ல கரையிலிருந்து திசுவை எடுத்து வைக்கலாம். அமெரிக்காவில் கென்யன், செங் என்னும் மருத்துவர்கள் 1989-ல் இம்முறையை வெளியிட்டார்கள். ஆனால் கணிசமான துண்டை எடுக்க வேண்டியிருந்தது. மிஞ்சியிருக்கும் ஒரே நல்ல கண்ணில் அவ்வளவு எடுப்பதென்றால் யாருக்கும் கை நடுங்கத்தானே செய்யும்?

இங்கேதான் செல் வளர்ப்பு உதவிக்கு வந்தது. உடலுக்கு வெளியே செல்களை உயிரோடு வைத்திருக்கலாம் என்பது 1907-லேயே தெரிந்தது. ராஸ் ஹாரிசன் என்னும் அமெரிக்க அறிஞர் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வைத்து, அதிலிருந்து நரம்பிழை வளர்வதைக் கண்ணால் கண்டார். 1975-ல் ரெய்ன்வால்ட், ஹோவர்ட் கிரீன் ஆகிய இருவரும் மனிதத் தோல் செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கும் வழியைக் கண்டார்கள். சிறு தோல் துண்டிலிருந்து பெரிய தோல் விரிப்பை வளர்த்து, உடலின் பெரும்பகுதி வெந்துபோன சிறுவர்களை 1983-ல் அமெரிக்க மருத்துவர்கள் பிழைக்க வைத்தார்கள்.

தோலுக்குப் பலித்தது கண்ணுக்கும் பலிக்குமா? 1997-ல் இத்தாலியைச் சேர்ந்த கிராஸியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே தெ லூக்கா ஆகியோர் பலிக்கும் என்று காட்டினார்கள். நல்ல கண்ணிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே எடுத்து, அதை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, இரண்டு நோயாளிகளின் கண்ணில் வைத்தார்கள். நல்ல கண்ணுக்குச் சேதம் இல்லை. கெட்ட கண்ணுக்கு நாற்று கிடைத்தது.

நம் நாட்டில் ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2001-ல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. டாக்டர் வீரேந்தர் சங்வான், டாக்டர் கீதா வேமுகண்டி ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். 200 நோயாளிகளின் பத்தாண்டு அனுபவம் 2011-ல் வெளியானது. அவர்களில் 71 சதவீதத்தினருக்குக் கருவிழியின் மேல்பரப்பு நிலையாகத் தெளிந்தது. நோயாளிக்கு அவருடைய சொந்த இரத்தத்தின் சீரமே வளர்ப்பு நீரில் சேர்க்கப்பட்டது. விதையும் அவருடையது, உரமும் அவருடையது.

கையால் கற்க வேண்டியவை

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு; செய்வது வேறு. புத்தகத்தைப் பார்த்து நீச்சல் கற்க முடியாதல்லவா? செல் வளர்ப்பும் கைப்பழக்கமே. ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருபவர் கற்கும் பாடங்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதற்பாடம் சுத்தம். நாம் வீட்டில் சொல்லும் சுத்தம் அல்ல இது. நம் மூச்சிலும் விரலிலும் தலைமுடியிலும் கிருமிகள் இருக்கின்றன. வளர்ப்பு நீர் செல்களுக்கு எவ்வளவு நல்ல உணவோ, அவ்வளவு நல்ல உணவு கிருமிகளுக்கும். செல் ஒரு முறை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பாக்டீரியாவுக்கு அரைமணி நேரமே போதும். ஒரே ஒரு கிருமி விழுந்தாலும் மறுநாள் காலையில் தட்டு கலங்கிப் போயிருக்கும். ஆகையால் வடிகட்டிய காற்று இடைவிடாமல் வீசும் மேடைக்குள் கையை நீட்டித்தான் வேலை செய்ய வேண்டும். அந்த வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள தூசியில் 99.97 சதவீதத்தைத் தடுக்கிறது. மனிதத் திசுவைக் கையாளும்போது, வேலை செய்பவரையும் காக்கும் வகையில் அமைந்த பெட்டி வேண்டும்.

மேடையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பார்கள். "சுத்த ஆல்கஹால் இன்னும் நல்லதல்லவா?" என்று புதியவர் கேட்பார். அல்ல. தண்ணீர் கலந்திருந்தால்தான் ஆல்கஹால் கிருமிக்குள் இறங்கி அதன் புரதத்தை உறைய வைக்கும். சுத்த ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடும்.

திறந்த குப்பியின் வாய்க்கு மேலே கை போகக்கூடாது. மூடியைத் தேவையில்லாமல் கழற்றி வைக்கக்கூடாது. பிப்பெட் எனப்படும் உறிஞ்சுகுழலின் நுனி எதன்மேலும் படக்கூடாது. பட்டால் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும். பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் பட்டதாகவே கொள்ள வேண்டும். நோயாளிக்கான வேலையில் இறங்கும் முன் ஒரு தேர்வு உண்டு. செல்லே இல்லாமல், கிருமிகள் விரும்பும் சத்து நீரை மட்டும் வைத்து எல்லாச் செய்கைகளையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்து காட்ட வேண்டும். பிறகு அந்தக் குப்பிகளைப் பதினான்கு நாள் வெதுவெதுப்பில் வைத்துப் பார்ப்பார்கள். கலங்கினால் கைக்கு இன்னும் பழக்கம் போதாது என்று பொருள். இதில் வாதாட இடமில்லை. தீர்ப்புச் சொல்வது குப்பி.

இரண்டாம் பாடம் ஊட்டமும் சூடும். குறைமாதக் குழந்தையை வைக்கும் இன்குபேட்டரை நீங்கள் மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். செல்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. உள்ளே 37 டிகிரி வெப்பம், நல்ல ஈரப்பதம், 5 சதவீதம் கரியமில வாயு. அந்த வாயு வளர்ப்பு நீரின் கார அமிலச் சமநிலையைக் காக்கிறது. நீரில் ஒரு சாயம் கலந்திருக்கும். அது சிவப்பாக இருந்தால் நலம். மஞ்சளாக மாறினால் புளிப்பு ஏறிவிட்டது; உணவு தீர்ந்தது அல்லது கிருமி புகுந்தது. பால் திரிந்ததை முகர்ந்தே சொல்லும் நம் தாய்மார்களைப்போல, நல்ல பழக்கம் உள்ளவர் குப்பியைத் தூக்கிப் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

மூன்றாம் பாடம் பார்ப்பது. தினமும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நலமான செல் எப்படி இருக்கும், சோர்ந்த செல் எப்படி இருக்கும் என்பது கண்ணில் பதிய மாதங்கள் ஆகும். நாற்றின் நிறத்தைப் பார்த்தே பயிரின் குறையைச் சொல்லும் விவசாயியின் பார்வை அது.

நான்காம் பாடம் பிரித்து நடுவது. செல்கள் தட்டை நிறைத்துவிட்டால் நெருக்கத்தில் வளர்ச்சி நின்றுவிடும். அப்போது டிரிப்சின் என்னும் செரிமானப் பொருளைச் சில நிமிடங்கள் ஊற்றினால் தட்டோடு ஒட்டியிருக்கும் பிடி விட்டுப்போகும். அவற்றைத் திரட்டிப் பல புதிய தட்டுகளில் போடுவார்கள். நேரம் குறைந்தால் செல் பிரியாது. கூடினால் செல்லே செரித்துப்போகும். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்ப வேண்டிய வேலை. நாற்றுப் பறிக்கும்போது வேர் அறாமல் பறிக்கத் தெரிந்த கைக்கு இது விரைவில் பிடிபடும்.

ஐந்தாம் பாடம் எண்ணுவது. நுண்ணிய கோடுகள் வரைந்த கண்ணாடிச் சில்லில் ஒரு துளியை விட்டு எண்ணுவார்கள். டிரைபான் ப்ளூ என்னும் நீலச் சாயத்தை அதே அளவு கலந்தால் இறந்த செல் மட்டும் நீலமாகும். உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. நான்கு மூலைக் கட்டங்களில் மொத்தம் 200 செல்கள் இருந்தால் கட்டத்துக்குச் சராசரி 50. அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 5 லட்சம். சாயம் சேர்த்து இருமடங்காக்கியதால் இன்னும் இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சம் செல்கள். அந்த 200-ல் 20 நீலமாக இருந்தால் உயிரோடிருப்பவை 90 சதவீதம். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் இதில் பிழை செய்தால் நோயாளிக்குப் போவது பாதி மருந்தாகிவிடும்.

ஆறாம் பாடம் உறைய வைப்பது. கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடுபவர் தோளில் தூக்கி வரும் கனத்த பாத்திரத்தை நம் கிராம நண்பர்கள் அறிவார்கள். மூடியைத் திறந்தால் வெண்புகை வரும். அதில் இருப்பது திரவ நைட்ரஜன். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. செல்களையும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் சேமிக்கிறார்கள். ஆனால் சட்டென்று குளிர வைத்தால் உள்ளே பனிக்கத்திகள் உண்டாகிச் செல்லைக் கிழித்துவிடும். அதனால் காப்புப் பொருள் ஒன்றைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்விப்பார்கள். எழுப்பும்போதோ நேர்மாறு: வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் கரைக்க வேண்டும். "மெதுவாகத் தூங்க வை, விரைவாக எழுப்பு" என்பது விதி.

ஏழாம் பாடம் எழுதுவது. யாருடைய செல், எந்த நாள், எத்தனையாவது முறை பிரித்தது, எந்தக் குப்பி நீர், யார் கை என்று ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போதே எழுத வேண்டும். இரண்டு குப்பிகள் மாறிப்போனால் எவ்வளவு பெரிய தீங்கு வரும் என்பதற்கு உலக அனுபவமே சாட்சி. 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்னும் அறிஞர், பலவகைத் திசுக்கள் என்று உலகெங்கும் நம்பப்பட்டுவந்த செல்களில் பல, உண்மையில் ஹீலா என்னும் ஒரே புற்றுநோய்ச் செல்லே என்று காட்டினார். ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சிகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. கண்ணுக்குத் தெரியாமல், நீரைக் கலக்காமலே குடியேறும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரும் உண்டு. அதற்காகத் தனிச் சோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

செல் மட்டும் போதாது

செல்களைப் பெருக்கியாயிற்று. அவற்றை எப்படிக் கண்ணில் வைப்பது? தண்ணீரில் மிதக்கும் செல்லைக் கண்ணில் விட்டால் கண்ணீரோடு போய்விடும். அது பிடித்துக்கொள்ள ஒரு பந்தல் வேண்டும். அவரைக்கொடிக்குப் பந்தல் போடுவதில்லையா, அதுபோல. செல், பந்தல், வளர்ச்சிக்கான சமிக்ஞை ஆகிய மூன்றையும் சேர்த்து உயிருள்ள திசுவை உருவாக்கும் முயற்சியே திசுப் பொறியியல். ராபர்ட் லாங்கர், ஜோசப் வக்கான்டி என்னும் இருவர் 1993-ல் எழுதிய கட்டுரை இத்துறையின் நோக்கத்தை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னது.

கண்ணுக்குக் கிடைத்த பந்தல் எது தெரியுமா? பிரசவ அறையில் நஞ்சுக்கொடியோடு வெளியே போடப்படும் பனிக்குடச் சவ்வுதான்! சிசேரியன் பிரசவத்தில் தாயின் சம்மதத்தோடு பெற்று, தொற்றுநோய் இல்லை என்று சோதித்து, சுத்தம் செய்து பாதுகாப்பார்கள். மெல்லியது, ஒளி புகுவது, வீக்கத்தைத் தணிப்பது. அதன்மேல் கண் கரையின் சிறு துண்டுகளை வைத்தால் செல்கள் ஊர்ந்து பரவி, பத்துப் பதினான்கு நாளில் ஒரு படலமாக விரியும். அந்தச் சவ்வை அப்படியே எடுத்துக் கண்ணில் பொருத்துவார்கள். ஒரு குழந்தையைப் பத்து மாதம் காத்த சவ்வு, இன்னொரு குழந்தையின் கண்ணையும் காக்கிறது.

ஆய்வுக்கூடம் கற்றுக்கொடுத்த எளிய வழி

இனி, நன்கொடையாளர்களாகிய உங்கள் மனதில் இருக்கும் கேள்விக்கு வருவோம். இத்தனை கருவிகள், இத்தனை செலவு, தடையில்லாத மின்சாரம்! இதெல்லாம் பெரிய நகரங்களுக்குச் சரி; மலைக்குழந்தைக்கு எப்போது எட்டும்?

ஹைதராபாத் மருத்துவர்களும் இதையே கேட்டார்கள். பத்தாண்டு செல்களை வளர்த்துப் பார்த்ததில் அவர்களுக்கு ஒன்று விளங்கியது. சூடு, ஈரம், ஊட்டம் எல்லாம் கண்ணிலேயே இருக்கின்றனவே! கண்ணையே இன்குபேட்டராக வைத்துக்கொண்டால் என்ன? 2012-ல் சங்வானும் சாயன் பாசுவும் மற்ற நண்பர்களும் புதிய முறையை வெளியிட்டார்கள். நல்ல கண்ணிலிருந்து 2 மில்லிமீட்டர் சதுரத் துண்டு எடுத்து, அதை எட்டுப் பத்துச் சிறு துணுக்குகளாக வெட்டி, கெட்ட கண்ணின்மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் நாற்று நடுவதுபோல் இடைவெளி விட்டு வைத்து, திசுப் பசையால் ஒட்டிவிடுவார்கள். செல் வளர்ப்புக் கூடம் தேவையில்லை. ஒரே நாளில், ஒரே அறுவைச் சிகிச்சையில் முடிந்துவிடும். 125 கண்களில் இதைச் செய்த அனுபவம் 2016-ல் வெளியானது. 76 சதவீதம் வெற்றி. விலையுயர்ந்த முறைக்கு இது குறைந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஆய்வுக்கூடம் வீண்தானா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடக் கூடாது. எவ்வளவு சிறிய துணுக்கும் எவ்வளவு தூரம் பரவும், எத்தனை நாளில் பரவும், எந்தச் சவ்வில் பரவும் என்பதைத் தட்டில் பார்த்தவர்களால்தான் கண்ணில் துணிந்து செய்ய முடிந்தது. வளர்க்கக் கற்றவருக்கே வளர்ப்புக்கூடம் எங்கே தேவையில்லை என்பதும் தெரிந்தது.

மேலும், இரண்டு கண்ணும் எரிந்தவருக்கு எடுக்க நல்ல கரையே இல்லை. அவருக்கு என்ன செய்வது? ஜப்பானிய மருத்துவர்கள் 2004-ல் நோயாளியின் வாயின் உட்புறத் தோல் செல்களை வளர்த்து நான்கு பேரின் கண்ணில் வைத்தார்கள். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அதில் பழகிய கைகளும் வேண்டும்.

வேலூரில் நடந்தது

நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய பணி இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருப்பதை நண்பர்கள் அறிவார்கள். அங்கே 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு 2005-ல் பாகாயம் வளாகத்தில் மூலச்செல் ஆராய்ச்சி மையம் அமைந்தது.

இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா 'ஏ' என்னும் பரம்பரை நோய் கடுமையாக இருந்த ஐந்து பேருக்கு அங்கே டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு புதிய சிகிச்சை அளித்தது. நோயாளியின் இரத்த மூலச்செல்களைப் பிரித்து, குறைபாடுள்ள மரபணுவின் நல்ல பிரதியை, தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரஸின் மூலம் அவற்றில் ஏற்றி, மீண்டும் அவருடைய உடலிலேயே செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் அதன் முடிவு வெளியானது. சிகிச்சை பலன் தரத் தொடங்கியபின், கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக் கசிவே ஏற்படவில்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இன்னும் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். ஆனால் அந்தச் செல்கள் உடலை விட்டு வெளியே இருந்த நாட்களில் அவற்றைக் காத்தவை மேலே சொன்ன ஏழு பாடங்களும் படித்த கைகளே.

மலைப்பிள்ளை கற்க முடியுமா?

சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண்பிள்ளை அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக வேலூருக்குப் போய் இந்தக் கலையைக் கற்க முடியுமா? முடியும் என்று சொல்ல நமக்குப் பக்கத்திலேயே காரணம் இருக்கிறது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதியினர் 1993-ல் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து செவிலியரைக் கொண்டுவருவதற்குப் பதிலாக, அந்த மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பதிலிருந்து அறுவை அரங்கில் துணை நிற்பதுவரை அவர்கள் கற்றார்கள். அறுவை அரங்கின் சுத்தத்தைக் கற்ற கைக்கு ஆய்வுக்கூடத்தின் சுத்தம் அந்நியமானதல்ல.

வேண்டியவை பொறுமை, உண்மை, ஒழுங்கு. பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்து, உயிரித் தொழில்நுட்பமோ ஆய்வக நுட்பமோ கல்லூரியில் படித்து, பிறகு இத்தகைய மையத்தில் பழக வேண்டும். இதில் பொதுவாகத் தடையாவது அறிவல்ல, விடுதிச் செலவும், ஆங்கிலப் பாடமும், "இது நமக்கு எதற்கு?" என்ற தயக்கமும்தான். செல் வளர்ப்புக் கூடத்தில் பெரிய கருவி ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு நிற்கும். நாள்தோறும் கரைவது வளர்ப்பு நீர், ஒருமுறை மட்டுமே பயன்படும் குழல்கள், நைட்ரஜன், மின்சாரம். எல்லாவற்றிலும் அரிதானது பழகிய ஆள். கருவி வந்து, கற்றவர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் அறையால் ஒரு குழந்தைக்கும் பார்வை வராது.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, சம்மதம். மேலே சொன்ன ஹீலா செல்கள் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் ஏழைக் கறுப்பினத் தாயின் உடலிலிருந்து 1951-ல் பால்டிமோரில் எடுக்கப்பட்டவை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் அதே ஆண்டு இறந்தார். செல்களோ உலகெங்கும் பெருகின, விற்கவும் பட்டன. 2023-ல்தான் ஒரு பெரிய நிறுவனம் அவருடைய குடும்பத்தாரோடு உடன்பாட்டுக்கு வந்தது. மலைவாழ் மக்களிடமிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்தாலும், எதற்கு, எங்கே போகும், யார் பயன்படுத்துவார்கள் என்பதை அவர்கள் பேசும் மொழியிலேயே சொல்லி, "வேண்டாம்" என்று சொல்லவும் இடம் கொடுக்க வேண்டும். மொழி தெரிந்த, ஊர் தெரிந்த பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் இது எளிதாகும்.

இரண்டாவது, ஏமாற்று. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் எல்லா நோயும் தீரும்" என்னும் விளம்பரங்களை நம்பாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், நிரூபிக்கப்படாதவற்றைச் சிகிச்சை என்று விற்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ஆராய்ச்சியில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் கேட்டால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

திண்ணைக்குத் திரும்புவோம்

அந்தக் குழந்தையின் கண்ணில் சுண்ணாம்பு விழுந்த நிமிடத்துக்கு மறுபடியும் வருவோம். தாய்ப்பால் விடவேண்டாம், விளக்கெண்ணெய் விடவேண்டாம், பச்சிலைச் சாறு பிழியவேண்டாம், புளியோ எலுமிச்சையோ வேண்டவே வேண்டாம். கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரை உடனே கண்ணில் ஊற்றத் தொடங்குங்கள். இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, குழந்தை அழுதாலும் நிறுத்தாமல், அரைமணி நேரம் ஊற்றுங்கள். பெரிய துணுக்கு தெரிந்தால் ஈரத்துணியின் நுனியால் மெல்ல ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இமைக்கு அடியில் ஒளிந்திருக்கும் துணுக்கை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

அந்த அரைமணி நேரத் தண்ணீர், கருவிழிக் கரையிலுள்ள மூலச்செல்களில் எத்தனையைக் காப்பாற்றுகிறதோ, அத்தனைக்கும் பிறகு ஆய்வுக்கூடம் தேவைப்படாது. காப்பாற்ற முடியாமல் போனவற்றுக்காக ஹைதராபாத்திலும் வேலூரிலும் மற்ற இடங்களிலும் கைகள் பழகிக்கொண்டிருக்கின்றன. ஒருநாள் அவற்றில் சித்தேரியின் கைகளும் சேரட்டும். அதுவரை, வெற்றிலைப் பையை எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீர்க் குடத்தைக் கிட்டத்தில் வையுங்கள்.